போல்ட் பொருந்தினால் போதுமா? செல்ஃப் மாற்றும் அண்ணன்மார்களுக்கு ஒரு பி.காம். பையனின் கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் கிடையாது. பி.காம். மூன்றாம் வருடம். ஸ்பானரைவிட கால்குலேட்டரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். "போன வாரம் கேண்டீன் விலையேற்றம், அதுக்கு முந்தின வாரம் பேய்ப்படம், இந்த வாரம் லாரி செல்ஃபா? உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். இது கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான். கூடவே ஒரு மனிதரின் மணிக்கட்டு சம்பந்தப்பட்ட விஷயமும்.

என் தாய்மாமாவிடம் 1950 மாடல் செவர்லே லாரி ஒன்று இருக்கிறது. லோடு அடிப்பதற்கு இல்லை. பழைய காலத்துக் கதை எடுக்கும் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங், கதையில் சந்தைக் காட்சி, பின்னால் ஒரு லாரி நிற்க வேண்டும் என்றால் மாமாவுக்கு போன் வரும். நிற்பது மட்டும் போதாது, டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றதும் கிளம்பவும் வேண்டும். அங்கேதான் செல்ஃப் வருகிறது.

செவர்லே லாரி இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது, 1954இல் நிறுத்திக்கொண்டது. நடுவில் இரண்டாம் உலகப் போர். போருக்காகக் கனடாவில் செய்த செவர்லே, ஃபோர்டு லாரிகளில் ஏராளமானவை கிழக்கே வந்து, போர் முடிந்ததும் டிஸ்போசலில் விற்கப்பட்டன. நம் தாத்தாக்கள் வாயில் "மிலிட்டரி டிஸ்போசல் வண்டி" என்று வருமே, அதுதான். அந்தப் போர் லாரிகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஃபோர்டும் செவர்லேயும் ராணுவம் சொன்ன ஒரே அளவில் சேஸிஸும் கேபினும் செய்தன. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி. பானெட்டைத் தூக்கினால் ஒன்றில் வி8, இன்னொன்றில் நேர் வரிசை ஆறு சிலிண்டர். வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கக் கூடாது என்று 1940களிலேயே தெரிந்துபோன விஷயம் இது.

சரி, கதைக்கு வருகிறேன்.

மாமாவின் லாரியில் இருப்பது செவர்லேயின் 216 என்ஜின். கன அங்குலக் கணக்கில் 216. அந்தக் கால வழக்கப்படி 6 வோல்ட் மின்சாரம். செல்ஃப் பட்டன் கிடையாது. காலால் ஒரு பெடலை அழுத்த வேண்டும். பெடல் ஒரு லீவரைத் தள்ளும், லீவர் பினியனைத் தள்ளி ஃப்ளைவீலில் இருக்கும் ரிங் கியரோடு கோர்க்கும், கோர்த்து முடிந்த பிறகு அதே லீவர் சுவிட்சை அமுக்கும், மோட்டார் சுற்றும். முதலில் பல்லோடு பல், பிறகு கரண்ட். இவ்வளவு மரியாதையான ஒரு இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் லாரிக்கு ஏற்ற 6 வோல்ட் பேட்டரி தேடிக் களைத்துப்போய், மூன்று வருடத்துக்கு முன் மாமா வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றினார். லைட், டைனமோ, இக்னிஷன் காயில் எல்லாம் மாறின. செல்ஃப் மட்டும் பழைய 6 வோல்ட் செல்ஃபே. இரண்டு வருடத்துக்கு மேல் அருமையாக ஓடியது. போன வருடம் கொஞ்சம் திணற ஆரம்பித்தது. சூடாக இருக்கும்போது மெதுவாகச் சுற்றும். சில நேரம் "டொக்" என்று நின்றுவிடும்.

அப்போது வந்து சேர்ந்தார் நம் கதாநாயகர். பழைய வண்டி ஆர்வலர். பேர் வேண்டாம். நல்ல மனிதர்தான், டீ வாங்கித் தருவார். பார்த்ததும் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல. 6 வோல்ட் செல்ஃபுக்கு 12 வோல்ட் கொடுத்தா எரிஞ்சுரும். அமெரிக்காவுல இருந்து 12 வோல்ட் செல்ஃப் தருவிச்சுத் தரேன். அதே செவர்லே, அதே ஆறு சிலிண்டர், அதே டெல்கோ."

அதே, அதே, அதே. மூன்று "அதே"யும் உண்மை. ஆனாலும் செல்ஃப் தப்பு.

ஏன் என்று சொல்கிறேன். செவர்லே ஆறு சிலிண்டர் என்ஜின் பல வருடம் ஒரே குடும்பமாக வந்தது. 216, பிறகு அதற்குப் பெரிய தம்பியாக 235. லாரிகளில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது 1955ஆம் வருடத்தின் நடுவில். அப்போது மாறியது வோல்ட் மட்டும் இல்லை. 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீலில் ரிங் கியருக்கு 139 பல். 12 வோல்ட் காலத்து ஃப்ளைவீலில் 168 பல். ரிங் கியரின் விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான், 14 அங்குலம் பக்கம். இப்போது பத்தாம் வகுப்புக் கணக்குப் போடுங்கள். சுற்றளவு சுமார் 1117 மில்லிமீட்டர். 139ஆல் வகுத்தால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 8 மி.மீ. 168ஆல் வகுத்தால் 6.6 மி.மீ. தான் வரும். 6.6 மி.மீ. இடைவெளிக்கு வெட்டிய பினியனைக் கொண்டுபோய் 8 மி.மீ. இடைவெளி உள்ள ரிங் கியரில் கோர்க்கச் சொல்கிறார் அண்ணன். சட்டைப் பித்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டவன் மாதிரி, முதல் பித்தான் போய்விடும், அடுத்தடுத்து இழுக்கும்.

இதை எண்ணிப் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். அதை யாரும் செய்யவில்லை. பெட்டி வந்தது, பிரித்தார்கள், தூக்கி வைத்துப் பார்த்தார்கள். சரியாக உட்காரவில்லை. உடனே ஒரு ஆள் லேத்துக்கு ஓடினார். கொஞ்சம் கடைந்து, ஓட்டையை ஃபைல் போட்டு அகலப்படுத்தி, மாட்டியே விட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம். ஒரு பொருள் பொருந்தவில்லை என்றால் அது ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். அதைக் கேட்காமல் வாயை ஃபைல் போட்டு அடைப்பதற்குப் பெயர் திறமையா? நம் ஊரில் "எப்படியோ மாட்டிட்டாரு பாரு, கில்லாடி" என்று ஒரு பட்டம் உண்டு. இந்தக் "கில்லாடி" பட்டம் வாங்கியவர்களால் பாழான வண்டிகளைக் கணக்கெடுத்தால் காயலான் கடை கொள்ளாது.

முதல் நாள் ஸ்டார்ட் ஆனது. "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தத்தோடு. "புது செல்ஃப், செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள். செருப்பா செட் ஆவதற்கு? கால்பெடலைத் துண்டித்து, டாஷ்போர்டில் சிவப்பு பட்டன் வேறு வைத்தாயிற்று. எல்லோரும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள். நானும் அமுக்கினேன், ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது வாரத்திலிருந்து ஒரு விசித்திரம். சில நேரம் ஒரே அமுக்கில் எடுக்கும். சில நேரம் பினியன் வெறுமனே "ஙீஈஈ" என்று கத்தும், என்ஜின் அசையாது. டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு அடி தள்ளினால் மறுபடி எடுக்கும். "லாரிக்கு மூடு சரியில்லை" என்று ஜோக் அடித்தோம். பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது, தெரிந்தபோது ஆச்சரியமாகவும் இருந்தது. ஆறு சிலிண்டர் என்ஜினை நிறுத்தினால் அது கண்ட இடத்தில் நிற்காது. ஏதாவது ஒரு சிலிண்டரின் காற்றழுத்தத்துக்கு எதிரே முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முழுச் சுற்றில் அப்படி மூன்று இடம்தான், 120 டிகிரிக்கு ஒன்று. ஆகவே பினியன் எப்போதும் ரிங் கியரில் அதே மூன்று இடங்களில்தான் போய் முட்டும். நல்ல செல்ஃப் இருந்தாலே அந்த மூன்று இடங்களில் பல் முதலில் தேயும். தப்பான பினியன் என்றால் அரம் வைத்து ராவுகிற மாதிரி. எங்கள் 139 பல்லில் மூன்று பகுதிகள் மொட்டையாகிவிட்டன. பாக்கி இடத்தில் நின்றால் எடுக்கும், மொட்டையில் நின்றால் கத்தும். வண்டியை ஒரு அடி தள்ளினால் ஃப்ளைவீல் நகர்ந்து நல்ல பல் வரும். மூடு கீடு ஒன்றும் இல்லை.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஷூட்டிங். மதியம் ஒரு மணி. வண்டி மொட்டையில் நின்றுவிட்டது. தள்ள இடமில்லை, முன்னால் செட், பின்னால் கேமரா டிராலி. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாலு பேர் கத்துகிறார்கள். டிரைவர் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்து முன்னால் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஹேண்டில் போடுவதில் அவருக்குத் தெரியாதது கிடையாது. எனக்கே சொல்லித் தந்திருக்கிறார்: "தம்பி, கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கம் வை, ஹேண்டிலைச் சுத்திப் பிடிக்காத. கீழ இருந்து மேல இழு, மேல இருந்து அழுத்தாத. என்ஜின் திருப்பி அடிச்சா கை தானா விட்டுரணும்." அத்தனையும் தெரிந்தவர்தான், பத்தாவது முறையோ பன்னிரண்டாவது முறையோ, வியர்வை கண்ணில் இறங்க, மேலிருந்து அழுத்தினார். என்ஜின் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஏழு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி பில்லை மாமா கட்டினார். அந்த ஏழு வாரமும் டிரைவர் அண்ணனுக்குப் பாதிச் சம்பளம். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் வரவு செலவு நோட்டை எழுதுவது நான்தான், செமஸ்டர் லீவில் எனக்கு அது கைச்செலவுக்கு வழி. உட்கார்ந்து எழுதினேன். இறக்குமதி செல்ஃப், கூரியர், கஸ்டம்ஸ் சேர்த்து 31,000 ரூபாய். லேத் கூலி 1,200. பட்டன், வயர் 800. ரத்தான ஷூட்டிங் வாடகை இரண்டு நாள். ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. டிரைவர் அண்ணன் இழந்த பாதிச் சம்பளத்துக்கு மட்டும் எங்கள் நோட்டில் வரி கிடையாது. எங்கள் கணக்கில் அது மிச்சம்! செலவு குறைந்ததாகக் காட்டுகிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் மேட்சிங் கான்செப்ட் என்று ஒன்று உண்டு, வரவு எந்தக் காலத்துக்கோ அந்தக் காலத்துச் செலவோடுதான் அதைப் பொருத்த வேண்டும் என்று. இரண்டு வருடமாக மனப்பாடம் செய்த அந்த வார்த்தையின் முன்னால் அன்றைக்கு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

இனி "எரிஞ்சுரும்" என்ற பூச்சாண்டிக்கு வருகிறேன். செல்ஃப் மாற்றச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள்.

செல்ஃப் மோட்டார் என்பது நாள் முழுக்க ஓடும் மோட்டார் இல்லை. இதைக் கண்டுபிடித்த கதையே அதுதான். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர், கார் பக்கம் வருவதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். கடைக் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்க ஒரு மோட்டார் வேண்டும். பெட்டி திறக்க ஒரு நொடி வேகம் போதும், பிறகு சும்மாதானே இருக்கும்? ஆகவே சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி சில நொடி வேலை வாங்கலாம், சூடாவதற்குள் நிறுத்திவிடலாம் என்பது அவர் யோசனை. அதே யோசனைதான் 1912 காடிலாக் காரில் செல்ஃபாக வந்தது. அவர் ஆரம்பித்த டெல்கோதான் பிறகு செவர்லேக்கும் செல்ஃப் செய்தது. காமர்ஸ் மாணவர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். லாரி செல்ஃபுக்குத் தாத்தா கல்லாப்பெட்டி :-)

ஆகவே 6 வோல்ட் செல்ஃபுக்கு 12 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? வேகமாகச் சுற்றும். சில நொடியில் என்ஜின் எடுத்துவிடும். அமெரிக்காவில் பழைய செவர்லேக்களை 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்களில் ஏராளமானோர் பழைய செல்ஃபை அப்படியே வைத்து வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் லாரியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியதே! இதில் பாதகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரிங் கியரில் அடி கொஞ்சம் பலமாக விழும். என்ஜின் எடுக்கவில்லை என்றால் அரை நிமிடம் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருக்கக் கூடாது. காயில் உண்மையிலேயே வெந்துவிடும். செல்ஃபைக் கழற்றி மேசைமேல் வைத்து 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவும் கூடாது. இந்த வகை சீரியஸ் மோட்டார் சுமை இல்லாமல் ஓடினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் கம்பியையே வெளியே எறிந்துவிடும். இந்த எச்சரிக்கைகளைச் சொல்லிவிட்டு "எரிஞ்சுரும்" என்று சொன்னால் மதிக்கலாம். 31,000 ரூபாய்க்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு சொன்னால்?

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய செல்ஃபின் உள்ளே ஃபீல்டு காயிலை மட்டும் 12 வோல்ட்டுக்கு ஏற்றதாக மாற்றலாம். மூக்கு பழசு, பினியன் பழசு, ஆகவே பல் பொருத்தமும் பழையபடியே. அல்லது மாற்றுவதை முழு செட்டாக மாற்றலாம். பின்னால் வந்த 235 என்ஜினைப் பழைய லாரியில் இறக்கும் அமெரிக்கர்கள் என்ன செய்கிறார்கள்? புது என்ஜினுக்குப் பின்னால் பழைய 139 பல் ஃப்ளைவீலையும் பழைய பெல் ஹவுசிங்கையும் பூட்டி, பழைய செல்ஃபையே மாட்டுகிறார்கள். என்ஜின் மாறுகிறது, செல்ஃபும் ஃப்ளைவீலும் ஜோடி பிரிவதில்லை. செல்ஃபுக்கு ஜோடி ஃப்ளைவீல்தான், என்ஜின் பெயர்ப்பலகை இல்லை. ஒரு என்ஜின் செல்ஃபை இன்னொரு என்ஜினுக்கு மாட்டவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஜோடியைப் பிரித்து மாட்டாதே என்பதுதான்.

"நட்டு போல்ட்டு வரைக்கும் ஒரிஜினலா இருக்கணும், 12 வோல்ட்டே பாவம்" என்று இதைப் படித்துத் துள்ளிக் குதிக்கும் இன்னொரு கோஷ்டி உண்டு. அண்ணன்மார்களே, உங்கள் வண்டி ஷெட்டில் இருக்கிறது, கவர் போட்டு. மாமாவின் லாரி சம்பாதிக்க வேண்டும். உங்களோடு இன்னொரு நாள்.

உண்மையில் எங்கள் பழைய செல்ஃபுக்கு என்ன வியாதி? மாவுக்கட்டு போட்ட மறுநாள் மாமா அதைப் பழைய சாக்கிலிருந்து எடுத்து, செல்ஃப் டைனமோ வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன். கழற்றிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொன்னார்: "புஷ் தேஞ்சு போச்சுப்பா. ஆர்மேச்சர் ஒரு பக்கமா சாஞ்சு இரும்புல உரசுது. சூடானா இன்னும் இழுக்கும். கார்பனும் முடியப்போகுது. மத்தபடி காயில் எல்லாம் தங்கம்." எரியவே இல்லை! ஆர்மேச்சரில் உரசிய இடம் பளபளவென்று கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு புஷ், ஒரு செட் கார்பன், கம்யூட்டேட்டரில் லேசாக ஒரு கடைசல். 2,600 ரூபாய். கழற்றிப் பார்க்காமலேயே நோயைச் சொன்னவருக்கு 31,000.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். திணறுகிறது என்று தன்னிடம் வரும் பழைய 6 வோல்ட் வண்டிகளில் பாதிக்குமேல் செல்ஃபில் கோளாறே இருக்காதாம். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 12 வோல்ட் பேட்டரி கேபிளை வாங்கி மாட்டியிருப்பார்களாம். அதில் உள்ள கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு மடங்கு கரண்ட் என்றால் வழியில் தொலையும் வோல்ட்டும் இரண்டு மடங்கு. கையில் இருப்பதோ பாதி வோல்ட். ஆக மொத்த நஷ்டம் விகிதத்தில் நாலு மடங்கு. 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு தொலைந்தால் 6 வோல்ட்டில் பத்தில் நாலு போய்விடும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் கட்டைவிரல் மொத்தத்துக்குக் கேபிள் போட்டார்கள். துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டிவிட்டாலே பாதி வண்டிகள் பிழைத்துவிடும். ஆனால் எர்த் சுரண்டியவருக்கு யாரும் கில்லாடி பட்டம் கொடுப்பதில்லையே.

அடுத்தது ரிங் கியர். இதற்குத்தான் நான் பயந்தேன். செல்ஃப் என்பது இரண்டு மூன்று போல்ட்டில் கழன்று வரும் சாமான். ரிங் கியர் அப்படி இல்லை. என்ஜினுக்கு அடியில் தாங்கல் கொடுத்து, ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சைப் பிரித்து, பிறகுதான் ஃப்ளைவீல். அதில் இறுக்கமாகச் சூடேற்றிப் பூட்டிய வளையம்தான் ரிங் கியர். சுலபமாக மாற்றக்கூடிய பொருளில் தப்புப் பண்ணினால், தண்டனை மாற்றவே முடியாத பொருளுக்குப் போகிறது. கம்பெனி சட்டத்தில்கூட இவ்வளவு அநியாயம் கிடையாது.

அமெரிக்காவிலிருந்து இன்னொரு வளையம் தருவிக்க வேண்டுமோ என்று மாமா தலையில் கை வைத்திருந்தார். லேத் வைத்திருக்கும் ஒரு தாத்தா, ஃபைல் போட்டவர் இல்லை, வேறொருவர், பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூணு இடந்தான போயிருக்கு? நடு நடுவுல பல்லு நல்லாத்தான இருக்கு? வளையத்தைச் சுட்டுக் கழட்டி, அறுபது டிகிரி திருப்பிப் பூட்டினா நல்ல பல்லு மூணும் நிக்கிற இடத்துக்கு வந்துரும்." யோசித்துப் பாருங்கள், 120 டிகிரிக்கு ஒரு மொட்டை என்றால் அதன் சரிபாதியில் எப்போதும் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்களில் எல்லோரும் செய்த வேலையாம். வளையத்தைச் சுற்றிலும் சீராகச் சூடேற்றினார், ஒரே இடத்தில் காட்டினால் பல்லின் உறுதி போய்விடும் என்றார். விரிந்ததும் லேசாகத் தட்டிக் கழற்றி, திருப்பி வைத்து, ஆறவிட்டார். இறுகிக்கொண்டது. இதை மொபைலில் வீடியோ எடுத்திருக்கிறேன், கிளாஸ் குரூப்பில் போடுகிறேன்.

பூட்டுவதற்கு முன் நானே பல்லை எண்ணினேன். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு, பிறகு பத்துப் பல்லுக்கு ஒரு புள்ளி. 139. இரண்டாம் முறையும் 139. ஃப்ளைவீலைக் கழற்றாமலும் இதைச் செய்யலாம். செல்ஃபை மட்டும் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள், பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்னொருவரை ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், கோடு போட்ட பல் மறுபடி வரும்வரை எண்ணுங்கள். பதினைந்து நிமிட வேலை. சாக்பீஸ் எங்கள் காலேஜில் இலவசம்.

இப்போது லாரி பழைய செல்ஃபில், பழைய கால்பெடலில், 12 வோல்ட்டில் ஓடுகிறது. சிவப்பு பட்டன் டாஷ்போர்டில் சும்மா இருக்கிறது. டிரைவர் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார், மழை நாளில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். அந்தப் பாதிச் சம்பளத்தை நோட்டில் செல்ஃப் செலவு என்ற தலைப்பில் எழுதி மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொடுத்துரு மாப்ள" என்றார். கொடுத்தாயிற்று.

இறக்குமதி செல்ஃப் பெட்டியோடு பரணில் கிடக்கிறது. போன ஞாயிறு நம் கதாநாயகர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"தம்பி, அந்த செல்ஃப் சும்மாதான கிடக்கு? ஈரோட்டுல ஒருத்தர் 1948 மாடல் வச்சிருக்காரு, அவருக்கு வேணுமாம். நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுரலாம்."

"அண்ணே, அவரோட ஃப்ளைவீல்ல பல்லு எத்தனைன்னு எண்ணிட்டாராண்ணே?"

"பல்லா? அட, அதே செவர்லேதான் தம்பி, அதே ஆறு சிலிண்டர்."